கழுத்துக்குக் கிரீஸ் வையுங்கள்!

‘கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் சாலையோரத் தடுப்பில் மோதி...’ என்ற வாக்கியம் செய்தித்தாளில் அநேகமாக தினமும் வருகிறது. ஊரும் வயதும்தான் மாறும். நீங்களும் படித்துவிட்டு, “எல்லாம் ஸ்பீடு சார்” என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறீர்கள். அந்தக் கட்டுப்பாடு வண்டியில் எங்கே இருந்தது, எப்படித் தொலைந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அது ஹேண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்துக்குள் இருக்கிறது. மெக்கானிக்குகள் ‘கோன் செட்’ என்பார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. கிண்ணம் மாதிரி ஒரு வளையம், அதில் உட்காரும் இன்னொரு வளையம், நடுவில் கோலிக்குண்டுக்குத் தம்பி மாதிரி எஃகு குண்டுகள். சில வண்டிகளில் குண்டுக்குப் பதில் உருளை. அவ்வளவுதான். முன் சக்கரம் பள்ளத்தில் விழும்போதெல்லாம் உங்கள் எடை, பின்னால் உட்கார்ந்திருப்பவர் எடை, டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தை எடை எல்லாம் சேர்ந்து இடியாக இறங்குவது இந்தக் குண்டுகள் மேல்தான். அவற்றைக் காப்பாற்றுவது ஒரு கைப்பிடி கிரீஸ். அதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? முழிக்காதீர்கள். எனக்குத் தெரியும், மாற்றவே இல்லை.

நெய்வேலியைச் சொல்கிறேன், கேளுங்கள். 1956-ல் கம்பெனி, 1957-ல் சுரங்க வேலை, 1961-ல் முதல் பழுப்பு நிலக்கரி என்று வளர்ந்த ஊர். அங்கே மண்ணை வெட்டுகிற ராட்சதச் சக்கர யந்திரங்களில் பெரியவற்றுக்கு ஒரு வாளியே 1,400 லிட்டர். யந்திரத்தின் மேல்பாகம் முழுவதும் ஒரு பிரமாண்டமான வளையத்தின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி வெட்டும். அந்த வளையத்துக்குள்ளும் எஃகு குண்டுகள்தான். தத்துவம் உங்கள் கோன் செட்டேதான், அளவுதான் வேறு. அதற்குக் கிரீஸ் தீர்ந்தால் என்ன ஆகும் என்று சுரங்கத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். கன்வேயர் பெல்ட்டின் உருளைகளுக்குள்ளும் பேரிங்தான். ஒன்று ‘கிறீச்’சென்றால்கூட காது கொடுத்துக் கேட்கிற ஆட்கள் அங்கே உண்டு.

அதே ஆட்கள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்து, கடகடவென்று தலையாட்டும் பைக்கில் ஏறி மந்தாரக்குப்பத்துக்கும் வடலூருக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் போகிறார்கள். யந்திரம் கம்பெனியுடையது, அதற்கு அட்டவணை உண்டு. கழுத்து நம்முடையது, அதற்கு ‘பார்த்துக்கலாம்’. இதில் அதிகம் அடிபடுவது ஒப்பந்தத் தொழிலாளி. மூன்றாவது கை வண்டி, கிராமத்து ரோடு, நைட் ஷிப்ட் தூக்கம். விக்கிரவாண்டி-தஞ்சாவூர் நான்குவழிச் சாலை வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்ததே, அந்தப் பள்ளங்களை எத்தனை கழுத்துகள் வாங்கிக்கொண்டிருக்கும்!

டவுன்ஷிப்புக்குள் ரோடு நன்றாகத்தானே இருக்கிறது என்பீர்கள். அதிலும் ஒரு வில்லங்கம். வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலமாக, நேராகப் போட்ட ரோடுகள். நேராகவே போனால் ஹேண்டில் திரும்பாது. குண்டுகள் ஒரே இடத்தில் நின்றுகொண்டு அதே இடத்தைக் குத்திக்கொண்டே இருக்கும். கிரீஸும் வற்றிப்போனால் வளையத்தில் குழி விழும். அப்புறம் ஹேண்டிலை நடுவில் வைத்தால் ‘டக்’கென்று பள்ளத்தில் விழுந்தமாதிரி உட்காரும். லேசாகத் திருப்ப நினைத்தால் திரும்பாது. கொஞ்சம் அழுத்தினால் தேவைக்கு மேல் திரும்பும். எதிரே மாடு வரும்போது இந்த வித்தியாசம் போதும்.

அடுத்த எதிரி, உங்கள் சுத்தம். சுரங்கத்துக்குள் ஊற்று பொங்காமலிருக்க ராத்திரி பகலாக நிலத்தடி நீரை இறைக்கிற ஊர் அது. கரித்தூசி, சாம்பல் என்று வண்டியைக் கழுவக் காரணமும் நிறைய. ‘வாட்டர் வாஷ்’ என்று பிரஷர் கன்னைக் கழுத்தில் வைத்து அடிப்பார்கள். தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும், துரு குடியேறும். வெளியே பளபள, உள்ளே கரகர. சென்னையிலும் கோவையிலும் மட்டும் என்ன வாழ்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் தெரு வாட்டர் சர்வீஸில் போய்ப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டர்களைக் கேட்டால் கார்டில் ‘ஸ்டியரிங் செக்’ என்று டிக் அடித்திருப்பதைக் காட்டுவார்கள். அந்த டிக் அடிக்க ஒரு பால்பாயின்ட் பேனா போதும். கழுத்தைக் கழற்ற ஹெட்லைட், போர்க், முன் சக்கரம் எல்லாம் இறக்க வேண்டும், அரை நாள் போகும். “சத்தம் வந்தா பாக்கலாம் சார், ஓடுற வண்டியை எதுக்குப் பிரிக்கணும்” என்பதுதான் பதில். சத்தம் வருகிறபோது வளையம் போய்விட்டிருக்கும் ஐயா!

அரசாங்கம் மட்டும் என்ன வாழ்ந்தது. 1989 மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி, ஸ்டியரிங் நல்ல நிலையில் இருக்க வேண்டும், அதன் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த டிகிரி கார் ‘வீலு’க்கு. பைக் ஹேண்டில் 30 டிகிரி ஆடினால் ஓட்டுகிறவர் ஆஸ்பத்திரியில் இருப்பார். புகைச் சான்றிதழ் வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும், 2015 ஜூலையிலிருந்து ஹைகோர்ட் உத்தரவில் ஹெல்மெட்டும் கட்டாயம். எல்லாம் சரி. ஆனால் சொந்த பைக்கைப் பதிவு செய்துவிட்டால் 15 வருஷம் கழித்துப் புதுப்பிக்கிற வரைக்கும் அதன் கழுத்தை எந்த ஆபீஸரும் பார்க்க வேண்டியதில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் டூவீலர்காரர்கள். அத்தனைக்கும் கோன் செட்தான் காரணம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமில்லை. ஆனால் நொறுங்கிக் கிடக்கிற வண்டியின் கழுத்தைக் கழற்றி, உள்ளே கிரீஸ் இருந்ததா என்று யாராவது பார்த்ததாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

புகை பார்க்கிற இடத்திலேயே ஹேண்டிலையும் ஆட்டிப் பார்க்கட்டும். இரண்டு நிமிஷ வேலை. தொழிற்சாலை வாசலில் ஹெல்மெட் கேட்கிற நிர்வாகங்கள், சைக்கிள் ஸ்டாண்டில் மாதம் ஒரு நாள் ஒரு மெக்கானிக்கை நிறுத்தட்டும். ஒப்பந்தத் தொழிலாளி வண்டியையும் சேர்த்து.

அதுவரை நீங்களே பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள், பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். போர்க்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டொக் டொக்’ என்றால் லூஸ். ஹேண்டிலை இடமிருந்து வலம் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் தட்டினால் குழி. தட்டாமல் இறுக்கமாக நகர்ந்தால், யாரோ நட்டை முறுக்கி உங்கள் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். லூஸ் மட்டும்தான் என்றால் நட்டைச் சரியாக வைத்தாலே போதும். குழி விழுந்திருந்தால் முறுக்கி மறைக்க விடாதீர்கள். குண்டை மட்டும் மாற்றவும் விடாதீர்கள், செட்டாக மாற்றச் சொல்லுங்கள். கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, நல்ல லித்தியம் கிரீஸை நிறைய அப்பச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், டீக்கடைக்குப் போகாதீர்கள். கழற்றிய பழைய வளையத்தைக் கேட்டு வாங்கி உள்பக்கம் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வரிசையாகக் குழிகள் தட்டுப்படும். இத்தனை நாள் அதன்மேல்தான் குழந்தையை உட்காரவைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்கள்.