யானை வேலியும் ஒற்றர் வானொலியும்

கடந்த மாதம் ஒரே ஒலிப்பதிவு மூன்று பேரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் ரொறன்ரோவில் இருப்பவர், ஒருவர் சென்னையில். மூன்றாமவர் மாத்தளையில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வசிக்கிறார். "மாத்தளை மாவட்டத்தில் மர்மச் சிற்றலை: அந்நிய ஒற்றர்களின் சமிக்ஞையா?" என்பது அதன் தலைப்பு. நாற்பது விநாடிப் பதிவு. இரைச்சலுக்கு நடுவே விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்றொரு சத்தம். அவ்வளவுதான்.

யானை வேலி என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதையெல்லாம் எழுதுவது பத்திரிகைத் தொழிலாகாது என்பதால், பதிவு செய்தவரைத் தேடிப் பிடித்தேன். வில்கமுவப் பக்கத்து இளைஞர். தொலைபேசியிலேயே அவரிடம், "தம்பி, முள்ளை மெதுவாகத் திருப்புங்கள்" என்றேன். 49 மீற்றரில் டிக். 25 மீற்றரில் டிக். மத்திய அலையிலும் டிக். நிலையமென்றால் ஓரிடத்தில் இருக்கும், முள் அப்பால் நகர்ந்ததும் மறையும். இது எங்கும் இருந்தது. யானைகளைத் தடுக்கும் மின்வேலிக்கு மின்சாரம் ஏற்றுகின்ற பெட்டி ஏறத்தாழ விநாடிக்கு ஒரு துடிப்பை அனுப்பும். கம்பியில் ஈரப்புல் சாய்ந்தாலோ, காப்பு உடைந்தாலோ அவ்விடத்தில் பொறி பறக்கும். அருகிலுள்ள வானொலிப் பெட்டியெல்லாம் அதைச் சொல்லும். வேலி எவ்வளவு தூரத்தில் என்று கேட்டேன். "வீட்டுக்குப் பின்னாலேதான், ஐயா" என்றார்.

இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிட எவருக்கும் மனமில்லை. இளைஞரை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். அவர் ஒரு சத்தத்தைக் கேட்டு வியந்தவர், வியப்பிலிருந்துதான் இந்தப் பொழுதுபோக்கே தொடங்குகிறது. 'மர்மம்', 'ஒற்றர்' என்ற சொற்களைச் சேர்த்துப் பரப்பியவர்கள் மீதுதான் என் கோபம். அவர்களில் என் தொழிலைச் சேர்ந்தவர்களும் உளர்.

ஒற்றர் வானொலியே கிடையாது என்று நான் வாதிடவில்லை. 1998இல் புளோரிடாவில் கைதான கியூப உளவாளிகளுக்குச் சிற்றலையில் எண்கள் வாசிக்கப்பட்டன என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 2011இல் ஜெர்மனியில் பிடிபட்ட தம்பதியரில் மனைவி, காவலர் வந்தபோது சிற்றலைச் செய்தியொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1976 முதல் 1989 வரை உலகமெங்கும் ஒலிபரப்புகளைக் கெடுத்த 'மரங்கொத்தி'யின் விநாடிக்குப் பத்துத் தட்டுகள் செர்னோபிலுக்கு அருகிலிருந்த சோவியத் ராடருடையவை. இப்படிப்பட்ட ஒலிகளை மணி, அலைவரிசை, வரும் திசை என்று பல நாடுகளிலிருந்து குறித்து ஒப்பிட்ட பொழுதுபோக்குக்காரர் பலர். முதல் நாளே பெயர் சூட்டிவிட்டு உறங்கப் போனவர்களால் ஒன்றும் துலங்கவில்லை.

4625 கிலோஹேர்ட்ஸில் ரீங்கரிக்கும் ரஷ்ய நிலையத்தைப் பாருங்கள். அது நின்றால் அணுகுண்டுகள் தாமாகவே கிளம்பும் என்று தமிழிலும் காணொளிகள் வந்துவிட்டன. 2010 ஜூனில் அது நின்றது. நாமெல்லாம் இருக்கிறோம். இராணுவத் தொடர்புக்கான அலைவரிசை என்பதற்கு மேல் எவரும் உறுதிப்படுத்தியதில்லை.

நானும் ஏமாந்தவனே. என் முதல் பெட்டியில் 10995ஐ ஒட்டி இந்திப் பாடல்கள் கேட்டன. எந்தப் பட்டியலிலும் இல்லாத நிலையம்! இரகசிய ஒலிபரப்பைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பல நாள் நெஞ்சு நிமிர்த்தித் திரிந்தேன். அது நம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் 11905 கிலோஹேர்ட்ஸ். மலிவுப் பெட்டிகளில் வலுவான நிலையமொன்று 910 கிலோஹேர்ட்ஸ் கீழே பிம்பமாகத் தோன்றும் என்பதைப் பிற்பாடே அறிந்தேன்.

இந்நாட்டில் சிற்றலைச் சந்தேகம் இராஜதந்திர மட்டம் வரை சென்ற ஒன்று. 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், அந்நிய ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகள் இராணுவ, உளவுத் தேவைக்குப் பயன்படாதவாறு அவற்றுடனான உடன்படிக்கைகள் மீளாயப்படும் என்று எழுதப்பட்டது. அமெரிக்காவின் குரல் நிலையமே அன்றைய பேச்சு. மூழ்கிக் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பவே அது என்றனர். கடலடிக்குச் சிற்றலை எட்டாது. அதற்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண் வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தில் இந்தியக் கடற்படை 1990இல் தொடங்கிய கட்டபொம்மன் தளம் அத்தகையது. அரசுகள் ஐயுறுவதில் தவறில்லை. ஐயுறுவதற்குமுன் அடிப்படை அறிவியலைக் கேட்டிருக்கலாம். இரணவிலவில் அமைந்த அந்நிலையம் 2016இல் மூடப்பட்டது.

மேலிடத்துச் சந்தேகம் கீழே இறங்கும்போது யார் வாசலில் வந்து நிற்கிறது என்பதே என் கேள்வி.

1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அக்டோபரில் அரைமணி பின்வாங்கியது. 2006 ஏப்ரல் வரை அந்த நேரமே நீடித்தது. புலிகளின் பகுதிகளில் மட்டும் பழைய நேரம் தொடர்ந்தது. நானோ குறிப்பேட்டில் கிரீன்விச் நேரத்தை ஒரு நிரலிலும், ஆகாசவாணிக்காக இந்திய நேரத்தை மற்றொன்றிலும் எழுதிவந்தேன். இந்திய நேரமும் பழைய நேரமும் ஒன்றே. 2000ஆம் ஆண்டையொட்டி ஓரிரவு வீடு சோதிக்க வந்தவர்களின் கையில் அந்த ஏடு அகப்பட்டது. பக்கம் பக்கமாக எண்கள். அரைமணி பிசகிய நேரங்கள். சில வரிகளின் எதிரே 'அறியப்படவில்லை' என்ற குறிப்பு. "இது யாருடைய நேரம்?" என்று கேட்டார் ஒருவர். விளக்க இரண்டு மணி நேரமாயிற்று. என்னிடம் பத்திரிகையாளர் அட்டை இருந்தது.

எல்கடுவைப் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியரான என் நண்பரிடம் அது இல்லை. என்னைவிடக் கூர்மையான காது அவருக்கு. குற்றச்சாட்டே இன்றிப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இடமளித்த காலம் அது. நடந்ததைக் கேள்விப்பட்ட மறுநாள், பன்னிரண்டு ஆண்டுக் குறிப்பேடுகளை அவர் அடுப்பில் போட்டார். பெட்டியை விற்றார். பிறகு சிற்றலை பற்றி என்னிடம் பேசியதேயில்லை.

ஆகவே, 'மாத்தளையில் ஒற்றர் சமிக்ஞை' என்று வேடிக்கையாகத் தலைப்பிடும் அன்பர்களே, அதை வாசிப்பவர் எல்லோரும் வேடிக்கைக்காக வாசிப்பதில்லை. மலையடிவாரத்தில் காதொலிப்பானோடு அமர்ந்திருக்கும் ஒரு பையனை நீங்கள் சுட்டிக்காட்டுகிறீர்கள். தெரியாவிட்டால் 'அறியப்படவில்லை' என்று எழுதுங்கள். அதில் இழுக்கொன்றுமில்லை, என் ஏட்டில் இருபது ஆண்டுகளாக அப்படியே கிடக்கும் வரிகள் உண்டு.

வில்கமுவ இளைஞருக்குக் கோடு போட்ட குறிப்பேடொன்றை அனுப்பியிருக்கிறேன். முதல் நிரலில் கிரீன்விச் நேரம் என்று நானே எழுதிவிட்டேன். வேலிப் பெட்டியை நிறுத்தியிருக்கும் பகல்வேளையில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அந்தத் தலைப்பை இட்டவரிடம் நீக்கும்படி இருமுறை கேட்டாயிற்று. இன்றுவரை நீக்கவில்லை.