மலைக்கு மலை உரம் மாறும். ஆளுக்கு ஆள் மருந்து மாறாதா?

தோழர்களே,

"பிரஷர் குளிசைதானே, எல்லாம் ஒன்றுதான்" என்ற பேச்சு தோட்டமெங்கும் கேட்கிறது. இது பொய். இந்தப் பொய்க்கு நமது சிறுநீரகமும் இதயமும் விலை கொடுக்கின்றன.

பிரஷரோடு வேறு வருத்தமும் உள்ளவருக்கு மருந்தை அந்த வருத்தத்தையும் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும். சீனி வருத்தத்தால் சிறுநீரில் புரதம் போகிறவருக்கு எனலாப்ரில் அல்லது லொசார்டன் பிரஷரைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் காக்கும். ஆனால் தொடங்கிய சில வாரங்களில் இரத்தம் சோதிக்க வேண்டும். அதே குளிசை கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு. அவருக்கு மெத்தில்டோபா, நிஃபெடிபின் போன்றவை உண்டு. இழுப்பு உள்ளவருக்கு அட்டெனோலோல், புரோப்ரனோலோல் கொடுத்தால் மூச்சு அடைக்கலாம். மாரடைப்பு வந்தவருக்கோ அந்த வகை மருந்தே தேவைப்படலாம். இடுப்பு வலிக்கு நாமே வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மண்ணையும் இலையையும் சோதித்து, மலைக்கு மலை உரம் மாற்றிப் போடும் கம்பனிகளுக்கு இது விளங்காதா? நன்றாக விளங்கும். தேயிலைச் செடிக்குச் செய்யும் சோதனையைக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குச் செய்யத்தான் மனமில்லை.

"டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகலாமே" என்பார்கள். இலவச வைத்தியம் நமக்கும் உரியதுதான். ஆனால் கிளினிக் போகும் நாளில் பேர் இல்லை. பஸ் காசும் கைக்காசு. ஒரு நாள் சம்பளத்தை இழக்க முடியாதவர் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பதை வாங்கிக்கொள்கிறார். அங்குள்ள வைத்திய உதவியாளரை நாம் குறை சொல்லவில்லை. டாக்டரின் வேலையை, இரத்தம் சோதிக்கும் வசதிகூடக் கொடுக்காமல், அவர் தலையில் கட்டியவர்களைத்தான் கேட்கிறோம்.

நாம் கேட்பது இவை: மாதம் ஒரு முறையாவது டாக்டர் தோட்டத்துக்கு வர வேண்டும். இரத்தமும் சிறுநீரும் இங்கேயே எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கிளினிக் நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். தோட்ட வைத்தியத்தை அரசு முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. குளிசையை நாமாக நிறுத்தக் கூடாது. சில மருந்துகளைத் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து. பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்கவும் கூடாது. கிளினிக் கொப்பியை எங்கும் கொண்டுபோவோம். உள்ள வருத்தம் எல்லாவற்றையும் சொல்லி, "இந்தக் குளிசை எனக்குச் சரியா?" என்று கேட்போம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, நமது உரிமை. பதில் கிடைக்காத இடங்களின் விபரத்தைத் தோட்டக் கமிட்டியில் கொடுங்கள். அந்தப் பட்டியலோடு நிர்வாகத்திடம் போவோம்.