வலி போச்சு... கல் போச்சா?

கிட்னியில் கல் இருக்கிறவர் யாரையாவது விசாரித்துப் பாருங்கள். "அது பத்து வருஷமா இருக்கு சார். அப்பப்ப வலிக்கும். ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்பார், ஏதோ வீட்டில் நாய்க்குட்டி வளர்க்கிற மாதிரி. கல்லும் வளரும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்.

வலி நின்றால் வியாதி நின்றது என்று உங்களுக்கு யார் சொன்னது? கல் நகர்ந்து சிறுநீர்க் குழாயில் அடைக்கும்போதுதான் உயிர் போகிற வலி. கிட்னிக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் பல பேருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு, உள்ளே இருக்கும் பையையே அடைத்துக்கொள்கிற கல்லும் உண்டு. வலிக்கிற கல்லைவிட வலிக்காத கல்தான் கில்லாடி!

அந்தப் பையின் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கல் அதை வருஷக்கணக்கில் உரசுகிறது. கூடவே கிருமித் தொற்று வந்து வந்து போகிறது. செருப்பு கடித்த இடம் காய்த்துப் போகிறதே, அதே மாதிரி சவ்வும் தோல் போலத் தடித்துப் போகலாம். அப்படி மாறிய செல்கள் சிலருக்குப் புற்றுநோயாகவே திரும்பிவிடுகின்றன. 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்று பெயர்.

பயமுறுத்தவில்லை. இது ரொம்ப அபூர்வம். சிறுநீரகப் புற்றுநோய் வந்த 100 பேரை நிறுத்தினால், இந்த வகைக்காரர் ஒருவர்கூடத் தேறமாட்டார். கல் இருக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது வரவே வராது. ஆனால், வந்தவர்களில் பல பேர் கல்லோடு நெடுங்காலம் குடித்தனம் நடத்தியவர்கள். இதற்கென்று தனி அடையாளமும் கிடையாது. அதே இடுப்பு வலி, அதே ரத்தம் கலந்த சிறுநீர். "பழைய கல்லுதானே" என்று நோயாளி நினைக்கிறார். சில சமயம் டாக்டரும் நினைக்கிறார். ஸ்கேனிலும் கல்லும் சீழும் வீக்கமும் சேர்ந்து கட்டியை மறைத்துவிடும். வேலை செய்யாத கிட்னியை அறுத்தெடுத்து, பயாப்சி ரிப்போர்ட் வந்த பிறகுதான் பல பேருக்கு விஷயமே தெரிகிறது. அதற்குள் நோய் முற்றியிருக்கும். அப்புறம் பலருக்கு மிச்சம் சில மாதங்கள்தான்.

இப்போது சொல்லுங்கள், 'ஏழே நாளில் கல் கரையும்' என்று சுவரில் எழுதிவைத்தவர் இதற்குப் பதில் சொல்வாரா?

வாழைத்தண்டு சாப்பிடுங்கள், நல்ல காய்தான். ஆனால், நம்மில் அதிகம் பேருக்கு வருவது கால்சியம் ஆக்ஸலேட் கல். அதைக் கரைக்கிற மருந்து இன்றுவரை கிடையாது. யூரிக் அமில வகையை மாத்திரையால் கரைக்கலாம். சின்னக் கல் தண்ணீரோடு தானாகவே வெளியேறும். பெயர் மட்டும் ஜூஸுக்கு! காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

"ஆபரேஷன்னாலே பயமா இருக்கே?" வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கணும் என்ற காலம் எப்போதோ மலையேறிவிட்டது. முதுகில் சின்னத் துளை போட்டுக் கல்லெடுக்கும் முறையை 1976-ல் ஸ்வீடன் டாக்டர்கள் வெளியிட்டார்கள். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், கத்தியே வைக்காமல் அதிர்வலையால் கல்லை உடைத்தார்கள். நாம்தான் இன்னும் வலி ஊசியிலேயே நிற்கிறோம்.

ஊசி போட்டு அனுப்பிவைக்கும் டாக்டர்களே, "கல் போயிடுச்சானு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் பெரிசுதான். அவருக்குத்தான் அந்த ஒரு வரி முக்கியம்.

பழைய கல்லால் கெட்டுப்போன கிட்னியை எடுக்கிறார்களா? "பயாப்சிக்கு அனுப்பினீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் 'சூடு' என்று மோர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள்.

பீரோவில் துணிக்கு அடியில் ஒரு பழைய ஸ்கேன் ரிப்போர்ட் கிடக்குமே, இன்றைக்கே எடுத்து அதன் தேதியைப் பாருங்கள். ஒரு வருஷம் தாண்டியிருந்தால், இந்த வாரமே டாக்டரிடம் கிளம்புங்கள்.