வீட்டுக்காரர் ஆகிவிட்டோம், துரை ஆகிவிட வேண்டாம்

லயத்தில் பிறந்து வளர்ந்த நம் மக்களில் பலர் இன்று ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் சொந்த வீடு வைத்திருக்கிறார்கள். சேமநிதிப் பணத்தை எடுத்து, பேங்கில் கடன் வாங்கி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீடுகள். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டதால் சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ‘சும்மா கிடக்கிற வீட்டை வாடகைக்கு விட்டால் கடன் தவணைக்காவது ஆகுமே’ என்று பெரியவர்கள் நினைப்பது நியாயமே. தலைமுறை தலைமுறையாகப் பிறர் வீட்டில் இருந்தே பழகிய நாம், முதன்முதலாகப் பிறருக்கு வீடு கொடுக்கப் போகிறோம். அதை முறையாகச் செய்ய வேண்டாமா?

லய வீட்டின் கதை நமக்குத் தெரியாததல்ல. வேலை இருந்தால் வீடு. வேலை போனால் வீடும் போச்சு. கூரை ஒழுகுகிறது என்று சொல்ல ஆபீசுக்கு நாலு தடவை நடக்கணும். 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றபோது, மூட்டை முடிச்சோடு வெளியேறிய குடும்பங்கள் எத்தனை எத்தனை! அந்த வேதனையைக் கண்டுதான், நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கிய தொழிலாளி, தோட்டத்துக்கே பங்குதாரன் ஆனான்.

ஆகவே, வீடு கொடுப்பவன் எப்படி இருக்கக் கூடாது என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வீடு. சுண்ணாம்பு அடித்துவிட்டால் வீடு தயார் என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளையடிப்பு கடைசி வேலை. மழை பெய்யும்போது உள்ளே நின்று கூரையைப் பாருங்கள். பீலியில் இலை அடைத்திருக்கிறதா, கதவு நிலையில் கரையான் ஏறியிருக்கிறதா, பைப்பு கசிகிறதா, கக்கூஸில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய வீடாக இருந்தால் பெர்மிட் உள்ள மின்சாரக்காரரைக் கூப்பிட்டு வயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். ‘இருக்கிறது போதும்’ என்று அங்கே சிக்கனம் பார்த்தால், போவது ஓர் உயிராக இருக்கலாம். ஜன்னலுக்கெல்லாம் கிரில் போட்டிருந்தால், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்பதையும் யோசியுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகினால், 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார இலாகா அபராதம் போடும். அதையும் துடைத்து விடுங்கள். நம் பிள்ளையை அந்த வீட்டில் படுக்க வைப்போமா? வைப்போம் என்றால் வீடு தயார்.

அடுத்தது எழுத்து. ‘நம்ம சம்பந்தி வீட்டு ஆளுதானே, இதுக்கெல்லாம் பேப்பர் எதுக்கு?’ என்ற பேச்சால் உறவும் போய் வாடகையும் போனவர்கள் உண்டு. வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எத்தனை மாதம், எது உடைந்தால் யார் செலவு என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒப்பந்தத்துக்கு 30 நாட்களுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கட்டாத பத்திரத்தைக் கோர்ட்டு சாட்சியமாக ஏற்காது. மூன்று ஆண்டுக்கு மேல் என்றால் நில அலுவலகத்தில் குத்தகையாகப் பதிய வேண்டும். இரண்டு மாத வாடகை டிபாசிட்டாகவும், கரண்டு, தண்ணீருக்கு அரை மாதமோ ஒரு மாதமோ தனியாகவும் வாங்குவது வழக்கம். வாங்குகிற ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது கொடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் அறை அறையாகக் கைப்பேசியில் படம் எடுத்து, இருவரும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டிபாசிட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது வாய்ச்சண்டை வராது. வாடகைக்கு வருமான வரிக் கணக்கும் உண்டு. கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நிலவரி, ரிப்பேர் செலவு இவற்றை அதில் கழிக்கலாம். பில்களைத் தூக்கி எறியாதீர்கள். அரசாங்கத்தின் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் வாடகைக்குக் கிடைத்த வீட்டை மட்டும் மறுவாடகைக்கு விடக் கூடாது.

மூன்றாவது, யாருக்குக் கொடுப்பது? ‘இந்தியர்களுக்கு வீடு இல்லை’ என்ற வார்த்தையை இந்த நாட்டில் கேட்காத நம் பிள்ளைகள் குறைவு. போனில் பெயரைச் சொன்னதுமே ‘வீடு போயிடுச்சு’ என்பார்கள். அந்த வலி தெரிந்த நாம், அதே வார்த்தையை இன்னொருவருக்குச் சொல்லலாமா? சம்பளச் சீட்டைக் கேளுங்கள். முன்பு இருந்த வீட்டில் விசாரியுங்கள். அடையாளக் கார்டைப் பாருங்கள். நிறத்தையும் சாமியையும் சாதியையும் கேட்காதீர்கள்.

கம்பெனிக்காரர்கள் வந்து, ‘வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தங்க வைக்கிறோம், வாடகை கூடத் தருகிறோம்’ என்பார்கள். இங்கேதான் நாம் உஷாராக இருக்கணும். தோட்ட லயங்களுக்கும் சுரங்கத் தொழிலாளர் வீடுகளுக்கும் என்று வந்த 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் மற்றத் துறைத் தொழிலாளர் தங்கும் இடங்களுக்கும் பொருந்துகிறது. அந்த முதலாளி தொழிலாளர் இலாகாவில் தங்குமிடச் சான்றிதழ் வாங்க வேண்டும். படுக்கை அறையில் ஆளுக்கு 3.6 சதுர மீட்டராவது இடம் வேண்டும். சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். மூன்று அறை வீட்டில் இருபது பேரை அடைத்து, அந்த வாடகையில் நாம் சோறு தின்றால், நம் தாத்தாவை லயத்தில் அடைத்தவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

கடைசியாக ஒன்று. வாடகை நின்றுபோனால் சிலர் பூட்டை மாற்றுகிறார்கள், கரண்டைத் துண்டிக்கிறார்கள், சாமான்களை வாசலில் வைக்கிறார்கள். இது கூடாது. வாடகைக் காலம் முடிந்த பின்னும் காலி செய்யாதவரைக் கோர்ட்டு மூலமாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் சொல்கிறது. பாக்கி வாடகைக்காகச் சாமான்களை ஜப்தி செய்யவும் கோர்ட்டு உத்தரவு வேண்டும். வழி நீளமானதுதான். கையிலே டிபாசிட்டும் முத்திரையிட்ட பத்திரமும் இருந்தால் அந்த வழியில் தைரியமாக நடக்கலாம். முதல் மாதம் தவறியதுமே எழுத்தில் நினைவூட்டுங்கள். ஆறு மாதம் பொறுத்துவிட்டு ஒரே நாளில் கொதிக்காதீர்கள். வேலை போய்விட்டது, ஆஸ்பத்திரிச் செலவு என்று உண்மையான கஷ்டம் இருந்தால், தவணை பேசித் தீர்ப்பதும் நம்மால் ஆகாத காரியமல்ல.

வாடகை வாங்குவது நம் உரிமை. ஒழுகாத கூரையும், எழுதிய வார்த்தையும், மரியாதையும் குடியிருப்பவரின் உரிமை. நம் பெற்றோர் தோட்டத்தில் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போனதை, நம் வீட்டுக்கு வருகிறவருக்குக் கேட்காமலே கொடுப்போம். சொந்த வீடு வாங்கிய உழைப்புக்கு அதுதான் பெருமை.