ஆமைக்கு எல்லைக்கோடு உண்டோ?

தேசத்தின் பெருங்காரியங்கள் பல காத்திருக்க, சுந்தரவனத்து ஆமை ஒன்றிற்கு இப்பத்தியில் இடமளிப்பானேன் என்று சிலர் வினவக்கூடும். இது ஆமையைப் பற்றிய விஷயம் மாத்திரமன்று. இரண்டு தேசங்கள் பொதுவான நீரை எவ்விதம் காப்பது என்னும் விஷயமுமாகும்.

பட்டாகுர் பாஸ்கா என்று விஞ்ஞானிகள் பெயரிட்டுள்ள இந்த நதியாமை, ஒரு காலத்தில் வங்காளத்துக் கழிமுகங்களில் ஏராளமாக வாழ்ந்தது. அதன் இறைச்சியும் முட்டையும் கல்கத்தா சந்தையில் விலைபோயின. விளைவு யாது? 2008-ம் ஆண்டில் சஜ்னேகாலியில் ஒரு குளத்தைச் சோதித்தபொழுது 12 ஆமைகளே அகப்பட்டன; அவற்றுள் வளர்ந்த பெண் ஆமைகள் மூன்றே. அந்தச் சிறு கூட்டத்தைக் கொண்டே 2012 முதல் குஞ்சு பொரிக்கச் செய்து, சில நூறாகப் பெருக்கியிருக்கிறார்கள். பாராட்டத் தக்க முயற்சியே.

ஆயினும், குளத்தில் பெருகுவது வேறு. ஓதம் ஏறியிறங்கும் ஆற்றில் பிழைத்திருப்பது வேறு. விடப்பட்ட ஆமை எங்கே செல்கிறது, எங்கே தங்குகிறது என்று அறிய வேண்டாமா? அதன்பொருட்டு 2022 ஜனவரியில் 10 ஆமைகளின் ஓட்டின்மேல் சிறு கருவிகளைப் பொருத்தி ஆற்றில் விட்டனர். மூச்சுவிடுவதற்காக ஆமை நீர்மட்டத்துக்கு வரும்பொழுது, அக்கருவி தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோளுக்கு அறிவிக்கும். சில ஆமைகள் எல்லையைக் கடந்து வங்கதேசத்து நீர்நிலைகளை அடைந்தன. அங்கே மீனவர் வலையில் சிக்கியதும் உண்டு.

1947-ல் மனிதர் கிழித்த கோட்டை ஆமை எங்ஙனம் அறியும்? இக்கரையில் எத்தனை காவலர்களை நிறுத்தினாலும், அக்கரையில் வலையில் மாளும் ஆமையை நாம் காத்தவர்களாவோமா? எல்லைக்கு அப்பால் கரம்ஜாலிலும் இதே ஆமையை வளர்த்து வருகின்றனர். அங்கே விடப்படும் ஆமை இங்கே வந்து மடியுமாயின், அவர்களது உழைப்பும் வீணே. சுந்தரவனத்தைக் காப்பது குறித்து இந்தியாவும் வங்கதேசமும் 2011-ல் உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வுடன்படிக்கைக்கு இந்த ஆமையே பரீட்சை.

நாம் கோருவன மூன்று. கருவிகள் தரும் செய்தியை இரு சர்க்கார்களும் உடனுக்குடன் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஆமைகள் அடிக்கடி தங்கும் கால்வாய்களையும், முட்டையிடத் தகுந்த மணற்கரைகளையும் இரு பக்கத்திலும் ஒரே விதிப்படி காக்க வேண்டும். வலையில் அகப்பட்ட ஆமையை உயிருடன் விடும் மீனவருக்குக் கிழிந்த வலைக்கான ஈட்டை அன்றே கொடுக்க வேண்டும். வலையே அவரது பிழைப்பு; அதை இழந்தவரிடம் ஜீவகாருண்யத்தைப் பிரசங்கம் செய்வது நியாயமாகாது. தண்டனைக்கு அஞ்சி ஆமையை ஒளிப்பவரைக் காட்டிலும், ஈட்டை நம்பிச் சேதி சொல்லும் மீனவரே சிறந்த காவலர்.

கருவியின் மின்சக்தி சில காலமே நிலைக்கும். அது பேசும்வரையில் வேடிக்கை பார்த்துவிட்டு, அது ஓய்ந்தபின் நாமும் ஓய்ந்துவிடுவோமானால், ஆமை சென்ற வழியை அறிந்ததால் பயன் ஒன்றுமில்லை. வழி தெரிந்துவிட்டது, இனிச் செய்கையே வேண்டுவது.