நடுநிலைமையும் கடன் பத்திரமும்

நடுநிலைமை வகிக்கும் ஒரு நாடு பெரிய யுத்தத்திற்குள் வந்து சேர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அந்நியன் அதை மிதித்துக் கொண்டு உள்ளே நுழைவது. 1914-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பெல்ஜியத்திற்கு நேர்ந்தது இதுதான். அதன் நடுநிலைமையைக் காப்பதாக 1839-ல் வல்லரசுகள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் ஜெர்மனியின் சேனையைத் தடுக்கவில்லை. இதில் பெல்ஜியத்தின் மேல் குற்றம் சொல்ல இடமில்லை. மற்றொன்று, எவனும் மிதிக்காமலே, தானே ஒவ்வொரு அடியாக நடந்து போய் யுத்தத்தில் விழுவது. அமெரிக்க ஐக்கிய நாடு முதல் உலக யுத்தத்தில் இறங்கியது இந்த இரண்டாவது வழியில்தான். நாம் இங்கு பேச வந்ததும் இதைப் பற்றியேயாகும்.

அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது எப்போது என்று கேட்டால், 1917-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ந் தேதி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். தேதி சரிதான். ஆனால் அன்று நடந்தது கையெழுத்தே ஒழிய வேறல்ல. காரியம் அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே துவங்கி விட்டது என்பதே நமது அபிப்பிராயம்.

ஒரு ஊரில் இரண்டு பங்காளிகளுக்குள் நிலத் தகராறு வந்ததாக வைத்துக் கொள்ளுவோம். அவ்வூர்ப் பணக்காரர் ஒருவர், "எனக்கு இருவரும் வேண்டியவர்களே, நான் யார் பக்கமும் இல்லை" என்று சாவடியில் உட்கார்ந்து சொல்லுகிறார். சொல்லிக் கொண்டே மூத்தவனுக்கு வக்கீல் பீசுக்கு நோட்டு எழுதி வாங்கிக் கொண்டு பணம் கொடுக்கிறார். தடிக்கம்பும் அவரே விற்கிறார். இளையவனுக்கும் விற்கத் தயார்தான். ஆனால் அவன் வீட்டுக்குப் போகும் வழியை மூத்தவன் மறித்துக் கொண்டிருக்கிறான். இப்படியே நாள் போகப் போக, மூத்தவன் தோற்றால் தமது பணம் அவ்வளவும் போய்விடும் என்கிற நிலைமைக்குப் பணக்காரர் வந்து விடுகிறார். அந்தச் சமயத்தில் இளையவன் எறிந்த கல்லொன்று இவர் வண்டி மாட்டின் மேல் பட்டு மாடு சாகிறது. உடனே, "ஊர் மானம் போயிற்று" என்று கூவித் தம் பண்ணையாட்களைத் தடி எடுக்கச் சொல்லுகிறார். கல் எறிந்தது பொய்யல்ல; மாடு செத்ததும் பொய்யல்ல. ஆனால் மண்டை உடைந்தது பண்ணையாளுக்கு. நோட்டு வசூலானது பணக்காரருக்கு.

இனி, நடந்த சங்கதிகளைப் பார்ப்போம்.

1914 ஆகஸ்டில் பிரசிடெண்டு வில்சன் நடுநிலைமை விளம்பரம் செய்தார். செய்கையில் மாத்திரமல்லாமல் எண்ணத்திலும் பட்சபாதமில்லாமல் இருக்க வேண்டும் என்று தமது ஜனங்களைக் கேட்டுக் கொண்டார். அப்போது அவருடைய வெளிநாட்டு மந்திரியாயிருந்த பிரையன் அதைவிட ஒரு படி மேலே போய், சண்டையிடும் நாடுகளுக்கு நமது பாங்கிக்காரர்கள் கடன் கொடுப்பது உண்மையான நடுநிலைமைக்கு ஒவ்வாதது என்று சொன்னார். விலக்கப்பட்ட யுத்த சாமான்களில் எல்லாம் மோசமானது பணமே. ஏனெனில் மற்றெல்லாவற்றையும் அதுவே வாங்கும் என்பது அவரது வாதம். அவர் மத விஷயத்தில் பழைய காலத்து மனுஷர். டார்வின் கொள்கையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று பின்னாளில் வாதாடியவர். ஆனாலும் இந்தப் பணத்தின் விஷயத்தில் அவர் கண்ட உண்மையைப் பெரிய பெரிய மேதாவிகள் காணவில்லை என்பதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும்.

பிரையன் வார்த்தை அதிக நாள் நிற்கவில்லை. சில மாதங்களுக்குள்ளாகவே, 'கடன்தான் கூடாது. சரக்குக்குத் தவணை கொடுக்கலாம்' என்று ஒரு சந்து திறக்கப்பட்டது. 1915 ஜனவரியில் ஜே.பி. மார்கன் கம்பெனி, பிரிட்டிஷ் சர்க்காருக்கு அமெரிக்காவில் சாமான் வாங்கிக் கொடுக்கும் ஏஜெண்டாயிற்று. அதே வருஷம் இலையுதிர் காலத்தில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சேர்த்து 50 கோடி டாலர் கடன் திரட்டப்பட்டது. சந்து ராஜபாட்டையாகி விட்டது. நேச நாடுகளுக்குப் போன சரக்கின் மதிப்பு 1914-ல் இருந்ததைவிட 1916-ல் மூன்று மடங்குக்கு மேல் ஏறிற்று. ஜெர்மனிக்குப் போனதோ, பிரிட்டிஷ் கப்பற்படை கடலை மறித்ததால், ஏறக்குறைய ஒன்றுமில்லை என்னும்படி ஆயிற்று. 1917-க்குள் நேச நாடுகளின் கடன் இருநூறு கோடி டாலரைத் தாண்டி விட்டது. ஜெர்மனி வாங்கியது அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான்.

இதனால் சிலர் மாத்திரந்தான் லாபமடைந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. கோதுமை விளைவித்தவனுக்கும் நல்ல விலை கிடைத்தது. மூடிக் கிடந்த தொழிற்சாலை திறந்து தொழிலாளிக்கும் வேலை கிடைத்தது. அதுதான் இதிலுள்ள பெரிய அபாயம். ஒரு நாட்டின் சாப்பாடு மற்றொரு நாட்டின் சண்டையைப் பொறுத்ததாகி விட்டால், அப்புறம் அந்த நாட்டு ஜனங்களின் எண்ணத்தில் நடுநிலைமை எப்படித் தங்கும்?

நிற்க, ஜெர்மனி யோக்கியமாக நடந்து கொண்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. 1915 மே மாதம் 7-ந் தேதி லூசிட்டானியா என்ற பிரயாணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அயர்லாந்துக் கரையருகில் அடித்து மூழ்கடித்தது. சுமார் 1,200 பேர் மாண்டார்கள். அவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள். குழந்தைகளையும் ஸ்திரீகளையும் எச்சரிக்கை இல்லாமல் கடலில் தள்ளிக் கொன்றதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது. ஆனால் அதே கப்பலின் அடியறையில் துப்பாக்கித் தோட்டாக்கள் ஆயிரக்கணக்கான பெட்டிகளில் இருந்தன என்பதும் உண்மை. தோட்டாவின் மேல் பிரயாணிகளை ஏற்றி அனுப்புவானேன் என்று கேட்டவர் பிரையன் ஒருவரே. ஜெர்மனியைக் கண்டித்து எழுதுவதோடு, பிரிட்டன் கடலை மறிப்பதையும் அதே குரலில் கண்டிக்க வேண்டும், யுத்த சாமான் ஏற்றிய கப்பலில் நமது பிரஜைகள் போகக் கூடாது என்று எச்சரிக்க வேண்டும் என்றார் அவர். கேட்பாரில்லை. 1915 ஜூன் மாதத்தில் மந்திரி உத்தியோகத்தை விட்டு விலகிக் கொண்டார். பத்திரிகைகள் அவரைக் கோழை என்றும் துரோகி என்றும் தூற்றின.

1916 நவம்பரில் பிரசிடெண்டு தேர்தல் வந்தது. 'நம்மை யுத்தத்திற்கு வெளியே வைத்திருந்தவர்' என்று சொல்லியே வில்சன் கட்சியார் ஓட்டுக் கேட்டார்கள்; ஜனங்களும் ஓட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஐந்து மாதத்தில் யுத்தம்!

இடையில் நடந்தது என்ன? 1917 பிப்ரவரி 1-ந் தேதி முதல் எந்த நாட்டுக் கப்பலானாலும் எச்சரிக்கையின்றி மூழ்கடிப்போம் என்று ஜெர்மனி அறிவித்தது. அமெரிக்கா சண்டைக்கு வரக்கூடும் என்று தெரிந்தே அப்படிச் செய்தது. ஏன் துணிந்தது? அமெரிக்காவின் பணமும் சாமானும் ஏற்கனவே எதிரிக்குப் போய்க் கொண்டிருக்கின்றன. அது நேரிலேயே வந்தால்தான் இனி என்ன அதிக நஷ்டம், அதன் சேனை வந்து சேருமுன் பிரிட்டனைப் பட்டினி போட்டுப் பணிய வைத்து விடலாம் என்று ஜெர்மன் சேனாதிபதிகள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு தப்பாய்ப் போயிற்று. ஆனால் பெயரளவில் நின்ற நடுநிலைமைக்கு எதிரியிடத்தில் என்ன மதிப்பு இருந்தது என்பதை அது காட்டுகிறது. பிறகு, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா ஆகியவற்றைத் திரும்பப் பெற உதவுவதாக ஆசை காட்டி மெக்சிகோவைக் கூட்டுக்கு அழைத்த ஜிம்மர்மான் தந்தி மார்ச்சு மாதத்தில் வெளியாயிற்று. அதைப் பிடித்துப் படித்துக் கொடுத்தது பிரிட்டிஷ் இலாகா. பொய்த் தந்தி என்று பலர் சொல்லிக் கொண்டிருக்கும்போதே, தாம் அனுப்பியது உண்மைதான் என்று ஜிம்மர்மானே ஒப்புக் கொண்டார்! எரிகிற வீட்டில் அவரே எண்ணெய் வார்த்தார்.

ஆனால் வீட்டில் இருந்த வேறொரு புகையை யாரும் பார்க்கவில்லை. பிரிட்டனிடம் அமெரிக்காவில் கடன் வாங்க ஈடு வைப்பதற்குப் பொருள் தீர்ந்து கொண்டிருந்தது. யுத்தத்தில் இறங்குவதுதான் நமது வியாபார மேன்மையைக் காத்து, பெரிய நெருக்கடியைத் தவிர்க்கும் வழியாக இருக்கலாம் என்று லண்டனிலிருந்த அமெரிக்க ஸ்தானாதிபதி பேஜ் 1917 மார்ச்சில் வில்சனுக்குத் தந்தி அடித்தார்.

வில்சனைக் கோடீஸ்வரர்கள் விலைக்கு வாங்கினார்கள் என்று நாம் சொல்லவில்லை. 1934 முதல் 1936 வரை செனட்டர் நை தலைமையில் நடந்த விசாரணையும் ஏராளமான கணக்குகளை வெளிக்கொணர்ந்ததே தவிர அப்படி ஒரு பேரத்தை ருஜுப்படுத்தவில்லை. வில்சன் மனதார வேதனைப்பட்டே முடிவு செய்தார் என்று வைத்துக் கொண்டாலும் நமது வாதம் கெடாது. நல்ல மனுஷனையும் இந்த வழி எங்கே கொண்டு போய் விடுகிறது என்பதுதான் நமது கேள்வி. அவருக்கு முன்னால் எல்லாக் கதவும் மூடிய பிறகுதான் 'வேறு வழியில்லை' என்றார். கதவுகளை மூடியது யார், எப்போது என்பதல்லவா விஷயம்?

உலகத்தை ஜனநாயகத்துக்குப் பத்திரமான இடமாக்கவே யுத்தம் என்று சொல்லப்பட்டது. செனட்டில் 6 பேரும் பிரதிநிதிகள் சபையில் 50 பேரும் எதிர்த்து ஓட்டுக் கொடுத்தார்கள். அந்த ஐம்பது பேரில் ஒருவர் அச்சபையில் முதன்முதல் இடம் பெற்ற ஸ்திரீயான ஜெனெட் ரான்கின். அப்போது அந்நாட்டில் பல மாகாணங்களில் ஸ்திரீகளுக்கு ஓட்டே கிடையாது. தென் மாகாணங்களில் நீக்ரோ மக்களை ஓட்டுச் சாவடிக்கு அருகே விடுவதில்லை. அப்படியிருந்தும் அவர்களில் 3½ லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பட்டாளத்தில் சேர்த்து, வெள்ளையரோடு சேராமல் தனிப் படையாக நிறுத்தினார்கள். 1917 ஜூலையில் ஈஸ்ட் செயிண்ட் லூயி என்ற ஊரில் வெள்ளையர் கூட்டம் நீக்ரோக்களை வீதியில் அடித்துக் கொன்று வீடுகளுக்குத் தீ வைத்தது. அம்மாதக் கடைசியில் நியூயார்க்கில் சுமார் 10,000 நீக்ரோக்கள் வாய் திறவாமல் ஊர்வலம் போனார்கள். கடல் தாண்டிக் கொண்டு போன ஜனநாயகம் சொந்த வீதியில் இவ்வளவுதான் இருந்தது.

யுத்தம் வேண்டாம் என்று பேசினவன் கதியும் கேளுங்கள். 1917 ஜூனில் வேவுத் தடைச் சட்டம் வந்தது. யுத்தத்தைத் தீர்மானிப்பது ஆளும் வகுப்பு, அதில் சாவது உழைக்கும் வகுப்பு என்ற கருத்தில் 1918-ல் காண்டன் நகரில் பேசிய சமதர்மவாதி யூஜீன் டெப்ஸ் அவர்களுக்கு 10 வருஷ சிட்சை கிடைத்தது. சிறையிலிருந்தபடியே 1920-ல் பிரசிடெண்டு தேர்தலுக்கு நின்று 9 லட்சம் ஓட்டுக்கு மேல் பெற்றார். ஜெர்மன் பாஷை பேசுவது குற்றம் போலாயிற்று. முட்டைக்கோசு ஊறுகாய்க்குக்கூட ஜெர்மன் பெயர் ஆகாதென்று 'சுதந்திரக் கோசு' என்று பெயர் வைத்தார்கள்! புத்தி எவ்வளவு தூரம் கெட்டுப் போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கடைசியில் வரவு செலவு என்ன? சுமார் 1,16,000 அமெரிக்கர்கள் மாண்டார்கள். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வியாதியால். பாங்கிக்காரர்கள் திரட்டிக் கொடுத்த அந்த 50 கோடி டாலர் கடன் தவணை தவறாமல் 1920-ல் தீர்ந்தது. யுத்தத்தில் இறங்கிய பிறகு சர்க்கார் ஜனங்களிடம் பத்திரம் விற்றுத் திரட்டி நேச நாடுகளுக்குக் கொடுத்த கடனோ சுமார் ஆயிரம் கோடி டாலர். 1930-களில் பின்லாந்து நீங்கலாக ஏறக்குறைய எல்லா நாடுகளும் அதைக் கட்டுவதை நிறுத்தி விட்டன. தனியார் கடன் வசூலாயிற்று. பொதுஜனங்கள் கடன் காற்றில் போயிற்று. இதைவிட விளக்கமாக யாரும் எழுதிக் காட்ட முடியாது.

மானம் போய்விடுமே என்பார்கள். அதே யுத்தத்தில் நார்வே தனது வியாபாரக் கப்பல்களில் ஏறக்குறையப் பாதியையும், சுமார் 2,000 மாலுமிகளையும் இழந்தது. ஆனாலும் அது யுத்தம் விளம்பரம் செய்யவில்லை. இன்றைக்கு நார்வேயை மானமற்ற நாடென்று எவன் சொல்லுகிறான்?

எந்த யுத்தமும் கூடாது என்பதல்ல நமது கட்சி. 1941 டிசம்பரில் ஜப்பான் அமெரிக்காவைத் தாக்கியது போல எவனாவது நேரில் வந்து அடித்தாலும், ஹிட்லரைப் போன்றவன் கிளம்பினாலும், எதிர்த்துத்தான் நிற்க வேண்டும். அப்போது கணக்குப் புஸ்தகத்தை விரித்து வைத்து, ஜனங்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு இறங்கட்டும். நடுநிலைமை என்று சாவடியில் பேசிக் கொண்டு, கொல்லைப்புறத்தில் நோட்டு எழுதுவது கூடாது என்பதே நாம் சொல்லுவது.

யுத்தத்திற்கு முன் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும் என்று லட்லோ என்ற அங்கத்தினர் கொண்டு வந்த திருத்தத்தை, 1938 ஜனவரியில் 188-க்கு 209 என்ற ஓட்டில், விவாதத்துக்கு எடுக்கக்கூட மறுத்து விட்டார்கள். ஆனால் அந்த ஓட்டு கிடைத்திருந்தாலும், கொடி பறந்து கொட்டு முழங்குகிற நாளில் கேட்கப்படும் ஓட்டுக்கு என்ன பதில் வரும் என்பது தெரிந்ததே. கேள்வி அன்றைக்கல்ல கேட்க வேண்டியது. முதல் கப்பல் எதை ஏற்றிக் கொண்டு போகிறது, முதல் கடன் யார் பணம், யாருக்கு, எந்த ஈட்டின் மேல் என்று முதல் நாளிலேயே கேட்க வேண்டும். 1914-ல் ஒரு மந்திரி அதைக் கேட்டார். ஜனங்கள் அவரோடு சேர்ந்து கேட்கவில்லை. இனி எந்த நாட்டு ஜனங்களாவது அப்படிக் கேட்கத் தவறினால், அவர்கள் பிள்ளைகளின் பெயர்களும் ஒரு கல்லில் பொறிக்கப்படும் என்பதைத் தவிர நாம் சொல்ல வேறொன்றுமில்லை.