"என்னால் இயலாது"

கல்லூரி மாணாக்கராகிய நம்மிடையே நாடோறும் வழங்கும் சொல் ஒன்றுண்டு. "என்னால் இயலாது" என்பதே அது. சங்கத்திற்கு ஒரு காரியதரிசி வேண்டும் என்றாலும், விடுதிக்கு ஒரு தலைவன் வேண்டும் என்றாலும், இச்சொல்லே முந்திக்கொண்டு எழுகின்றது. கேட்போரும் இதனை அடக்கம் என்று மெச்சி அப்பாற் போய்விடுகின்றனர். அடக்கம் என்னும் அந்நற்பெயரின் நிழலில் ஒளிந்து நிற்பவை பெரும்பாலும் சோம்பலும், பழி வந்துவிடுமோ என்னும் அச்சமுமே என்பது என் கருத்து. பிறரைக் குற்றங்கூற இதனை எழுதப் புகுந்தேனல்லேன். முதற் குற்றவாளி நானே.

சென்ற ஆண்டு எங்கள் தமிழ்ச் சங்கத்தின் காரியதரிசிப் பதவி என்னை நாடி வந்தது. "நான் அதற்குத் தகுதியுடையேனல்லேன், ஐயா" என்று தலைகுனிந்து நின்றேன். ஆசிரியர் புன்னகை புரிந்து என் நண்பனொருவனை நியமித்தார். மேடையேறினால் அவனுக்கும் என்னைப் போலவே நாவுலரும். எனினும் அவன் மறுத்திலன். அன்று மாலை விடுதியில் இருவர் என் அடக்கத்தைப் புகழ்ந்தனர். அப்புகழ்ச்சி இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

தைத் திங்களில் எம் வகுப்பினர் முப்பதின்மர் கோடைக்கானலுக்குப் பிரயாணமானோம். வத்தலக்குண்டிற்கு மேல் மலைப்பாதையின் வளைவுகளில் நண்பனுக்குத் தலைசுற்றல் கண்டது. மேலே சென்று சேர்ந்ததும் காய்ச்சலும் வந்துற்றது. ஆசிரியர் அவனுக்குத் துணையாய்த் தங்க நேர்ந்தமையால், பெயர்ப்பட்டியலையும் பணப்பையையும் என் கையில் வைத்தார். "இயலுமா?" என்று இம்முறை அவர் கேட்கவேயில்லை.

பிற்பகலில் தூண்பாறை காணச் சென்றோம். விண்ணளாவ நின்ற பாறைகளைக் கண்டு வியந்துகொண்டிருக்கையிலேயே மஞ்சு திரண்டெழுந்து யாவற்றையும் மூடிற்று. திரும்பும் வேளையில் எண்ணினேன். என்னையும் சேர்த்து இருபத்தொன்பதின்மர் இருத்தல் வேண்டும், இருபத்தெண்மரே இருந்தனர். மறுபடியும் எண்ணினேன்; அதே தொகைதான். அடுத்த அரைமணி நேரம் நான் பட்ட பாட்டை விரித்துரைக்க விரும்பவில்லை. காணாமற்போன முதலாண்டு மாணவன், வழியிலுள்ள தேநீர்க் கடையொன்றின் ஓரத்தில் குளிரால் ஒடுங்கி நின்றான். "அண்ணா, நீங்கள் எண்ணிப் பார்ப்பீர்கள், தேடி வருவீர்கள் என்று தெரியும்; அதனால்தான் இடம் பெயராமல் நின்றேன்" என்றான். எனக்குத் தகுதி உண்டா இல்லையா என்னும் ஆராய்ச்சி அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அதன்பின் ஊர் திரும்பும் வரையில் எத்தனை முறை எண்ணினேன் என்பதற்குக் கணக்கில்லை, தோழர்கள் நகைத்தனர்.

மறுநாட் காலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலருகே நின்று வடதிசையை நோக்கினோம். வெகு தூரத்தே கீழே பழனி தெரிந்தது. சங்க நூல்கள் பொதினி என வழங்கும் ஊர் அது. மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகன் ஆண்ட நாடு. அவ்வீகையைப் பள்ளிச் சிறாரும் அறிவர். ஆனால், அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தமையும், கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்னும் புலவர் நால்வர் அதுபற்றிப் பாடினமையும் புறநானூற்றைப் பயில்வார்க்கே தெரியும். பரிசில் பெற வந்த புலவர்கள், பொன்னும் மணியும் எமக்கு வேண்டா, நீ உன் இல்லம் திரும்புவதே யாம் வேண்டும் பரிசில் என்று அவனிடம் இரந்தனர். மயிலுக்குப் போர்வை ஈதல் ஒரு கணத்துச் செயல். உலகம் உள்ளளவும் புகழ் தருவது. இல்லத்தில் தனக்காகக் காத்திருப்பவளை நாடோறும் பேணுதலோ யாரும் பாடாத பொறுப்பு. வள்ளல் எழுவருள் ஒருவனுக்கே அஃது அரிதாயிற்று! புலவர் சொற்கேட்டு அவன் திரும்பினானா என்பதை அப்பாடல்கள் கூறவில்லை. அன்று அம்மலைமேல் நின்றபோது அக்குறை என் நெஞ்சை உறுத்திற்று.

அன்றே வானாராய்ச்சி நிலையத்திற்கும் போனோம். 1876ஆம் ஆண்டில் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின் பின், மழைக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் நோக்கம் எழ, அதன் பயனாகத் தோன்றிய நிலையம் அது. 1904 முதல் மேகம் மறைக்காத நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வருகின்றனர். அங்கே பணிபுரிந்த ஜான் எவர்ஷெட் என்பார், இங்கிலாந்தில் ஒரு வாணிக நிலையத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஓய்ந்த வேளைகளில் தம் விருப்பிற்காக வானத்தை ஆராய்ந்து வந்தவர். 1907இல் உதவியாளராகக் கோடைக்கானலுக்கு வந்தார். 1909இல், சூரியனிலுள்ள கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவினின்று புறநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். 1911இல் நிலையத்தின் தலைமை அவரிடம் வந்தது. 1923 வரையில் அதனைத் தாங்கினார். அவருக்குப் பின்னும் எத்தனையோ பேர், பெயர் வெளியே தெரியாமலே, காலைதோறும் அக்கருவியைத் திறந்திருக்கின்றனர். ஒரு நாட் படம் பெரிதன்று. நூறாண்டுப் படங்களின் வரிசையைப் பெறுவதற்கோ உலகில் எத்தனை பொருள் கொடுத்தாலும் போதாது.

ஆதலின், நம் ஆசிரியன்மாருக்கு ஒரு விண்ணப்பம். "இயலாது" என்பவனை அத்துடன் விட்டுவிடாதீர்கள். தாமே முன்வருவோர் நமக்கு வேண்டியவரே. ஆயினும் ஆண்டுதோறும் அவர்தம் பெயர்களே பலகையில் ஏறுமாயின், எஞ்சியோர் மூன்றாண்டும் பார்வையாளராகவே இருந்து வெளியேறுவர். தயங்குபவனிடம் பெரும் பதவியைத் தர வேண்டா. ஒரு பெயர்ப்பட்டியலைத் தாருங்கள். அவனை நம்பி நிற்கும் சிலரையும் தாருங்கள். தகுதி பிறகு வரும். தகுதி வரட்டும் என்று கரையில் காத்திருந்து நீந்தக் கற்றவன் எவன்?

இவ்வாண்டு காரியதரிசிப் பொறுப்பை நான் ஏற்றுள்ளேன். முதற் கூட்டத்திலேயே மண்டபத்தின் திறவுகோலை வாங்க மறந்து, சொற்பொழிவாளரைக் கால்மணி நேரம் வாயிலில் நிற்க வைத்தேன். சென்ற வாரம், அன்று தேநீர்க் கடையோரத்தில் நின்ற அதே மாணவனை அழைத்து, அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதி வாசிக்குமாறு வேண்டினேன். "என்னால் இயலாது அண்ணா" என்றான். மறுநாளும் அவனையே போய்க் கேட்டேன்.